தோட்டத்துத் திடலும் நான்கு சுவர்களும்

பழைய கெடா ரப்பர் தோட்டம் ஒன்றை நினைவிலிருந்து வரையச் சொன்னால், அங்கே வளர்ந்தவர்கள் ஐந்து இடங்களை முதலில் குறிப்பார்கள்: லயத்து வீடுகள், பால் நிறுக்கும் ஸ்டோர், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, திடல். முதல் நான்கும் ஆய்வுகளிலும் சிறுகதைகளிலும் நாவல்களிலும் நிறையவே பேசப்பட்டுவிட்டன. திடலைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் மலேசியத் தமிழரின் உடலும் உழைப்பும் முதலாளிக்காக அல்லாமல் தமக்காகவே இயங்கிய இடம் அது ஒன்றுதான். அதன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கதையை இப்போது கேட்கவைப்பவர் ஒரு பெண். 1999 ஜனவரி 24 அன்று சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம். ஸ்குவாஷ் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு, உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தவர். 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வென்றவர். கெடா என்றதும் அவரைத் ‘தோட்டத்துப் பிள்ளை’ என்று எழுதிவிட ஆசை வரும். அப்படி எழுதினால் வரலாறு தப்பாகிவிடும். அவர் ஆடும் ஆட்டம் தோட்டத்துத் திடலில் முளைத்ததன்று. திடல்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலத்தில், வேறொரு வழியில் வந்து சேர்ந்த ஆட்டம் அது.

கெடாவைத் தமிழர் பழங்காலம் தொட்டே அறிவர். மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைவுகளும், 1025 அளவில் முதலாம் ராஜேந்திரனின் கடற்படை கண்ட கடாரமும் நம் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கின்றன. ஆனால் இன்றைய கெடாத் தமிழர்களின் தாத்தா பாட்டிகள் சோழர் படையோடு வந்தவர்கள் அல்லர். 1909 மார்ச்சில் பேங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்குள் வந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. 1910களின் நடுவில் பிறையிலிருந்து வடக்கே ரயில் பாதை நீண்டு அலோர்ஸ்டாரை எட்டியது. பாதையை ஒட்டிய சுங்கைப்பட்டாணி, பீடோங், உள்ளே தள்ளிய கூலிம், லூனாஸ், பாடாங் செராய், கோலகெட்டில் பகுதிகளில் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு இந்த ஆளனுப்பும் முறையை நிறுத்தும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

தோட்டத்து நாள் பொழுது விடியுமுன், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதியும் பெரட்டோடு தொடங்கும். காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். நண்பகலுக்குப் பிறகு பால் ஸ்டோருக்குப் போய்விட்டால், மாலை மிச்சம். ஆலையில் வேலை செய்பவனுக்குக் கிடைக்காத மாலை அது. தோட்டத்தில் பந்து விளையாட்டு வேரூன்ற இந்த நேரக்கணக்கு பெரிய காரணம். துரைமார்கள் திடலைச் செதுக்கிக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. மாலையில் கூடும் இளைஞர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்தும் கோல் கம்பமும் தொழிற்சங்கத்தைவிடச் செலவு குறைந்தவை.

ஆக, மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்து இளைஞனுக்கு இரண்டு பாதைகள் திறந்திருந்தன. ஒன்று திடலுக்கு, மற்றொன்று கள்ளுக்கடைக்கு. கள்ளுக்கடையும் நிர்வாகத்தின் ஏற்பாடே.

இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே 1946இல் ஒரு படை வந்து நின்றது. போர் முடிந்திருந்தது. கெடாவின் தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேரை ஜப்பானியர் சயாம் பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லைக்கு அருகில் இருந்ததால் கெடாவிலிருந்து ஆள் பிடிப்பது எளிதாயிருந்தது. திரும்பி வந்தவர்கள் குறைவு. இன்னொரு பக்கம், இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அணிவகுப்பையும் கட்டுப்பாட்டையும் கற்றுக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பீடோங் அருகிலுள்ள ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் உருவான தொண்டர் படையில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். குடித்தவர்களைத் தடுத்தார்கள். சீருடை அணிந்து பயிற்சி எடுத்தார்கள். இயக்கம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையுடன் மோதல் மூண்டு, உயிர்ச்சேதம் நேர்ந்தது. பலர் சிறைக்குப் போனார்கள். படை ஒடுக்கப்பட்டது.

தொழிற்சங்க வரலாற்றில் இந்தப் போராட்டத்துக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது. விளையாட்டு வரலாற்றிலும் அதற்கோர் இடம் உண்டு என்பேன். தோட்டத்து இளைஞனின் உடல் அவனுக்கே சொந்தம், அதைக் கள்ளிடமும் கங்காணியிடமும் விட்டுவிடக் கூடாது என்று கெடாவில் உரக்கச் சொன்னவர்கள் அவர்கள். பின்னால் தோட்டம்தோறும் தோன்றிய இளைஞர் மன்றங்களும் பந்துக் குழுக்களும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தன.

ஆனால் திடலுக்கு ஓர் எல்லை இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் நடக்கும், தீபாவளிக்குக் கிண்ணம் வைப்பார்கள், வென்ற குழுவைத் துரை கை குலுக்குவார். மறுநாள் விடியலில் கோல் போட்டவனும் பெரட்டில்தான் நிற்க வேண்டும். அவன் ஆட்டத்தைப் பார்த்து வேறெங்கோ அழைத்துப்போக எந்த அமைப்பும் இல்லை. போலீஸ், ராணுவம், ரயில்வே, மின்வாரியம் போன்ற துறைகள் நல்ல ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்துத் தம் குழுவில் சேர்த்துக்கொள்வதே அக்காலத்தில் மிக உயர்ந்த வாய்ப்பு. அது ஆட்டத்துக்குக் கிடைத்த சம்பளம் என்று சொல்வதற்கில்லை. ஆட்டத்தால் கிடைத்த வேலை.

நாட்டின் மிகச் சிறந்த தமிழ் ஓட்டக்காரருக்கும் அந்தக் காலத்தில் இதே நிலைதான். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் என்று மூன்று தங்கம் வென்ற மணி ஜெகதீசன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை யாராலும் முடியவில்லை. அவர் வாழ்ந்தது மருத்துவத் தொழிலால்.

பெண்களுக்கு ஆட்டத்தால் வேலை பெறும் வாய்ப்பும் இல்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்று, கத்தி ஒன்று, வெட்டும் நேரம் ஒன்று. கூலி மட்டும் இரண்டு. வெட்டி முடித்த ஆணுக்கு மாலை மிச்சமானது. பெண்ணுக்கோ தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது, சமையல், குழந்தை என்று இரண்டாவது பெரட்டு தொடங்கிவிடும். திடலின் ஓரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. பள்ளிக்கூடம்தான் பெண் பிள்ளைகளின் கால்களை ஓடவிட்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன எம். ராஜாமணி, 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றபோது, தோட்டப்புறத்துப் பள்ளிகளில் ஓடிக்கொண்டிருந்த சிறுமிகள் தங்கள் இனத்துப் பெயர் ஒன்றை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கண்டார்கள்.

பந்தாட்டம் தொழிலாக மாற மலேசியாவில் நீண்டகாலம் பிடித்தது. 1989இல் அரைத்தொழில்முறை லீக்கும் 1994இல் முழுத் தொழில்முறை லீக்கும் வந்தன. கெடாக் குழு 1990இல் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1993இல் லீக்கும் கிண்ணமும் சேர்ந்து வந்தன. 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் நாட்டின் மூன்று பெரிய பட்டங்களையும் அள்ளியது. அலோர்ஸ்டார் டாருல் அமான் அரங்கில் பச்சை மஞ்சள் சட்டையோடு கத்திய கூட்டத்தில் பீடோங்கிலிருந்தும் கூலிமிலிருந்தும் போன தமிழர்களும் இருந்தார்கள். பந்தைக் காலில் வைத்துப் பிழைக்கலாம் என்ற நிலை வந்த அதே ஆண்டுகளில், அந்தக் காலைப் பழக்கிய திடல்கள் மறைந்துகொண்டிருந்தன. இந்தக் காலப் பொருத்தமின்மைதான் கெடாத் தமிழர் விளையாட்டின் பெரிய இழப்பு.

திடல் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் அச்சத்தில் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதைத் தடுக்க வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்தார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். ஆண்டு 1961. தாங்கள் வெட்டும் மரத்துக்குத் தாங்களே பங்காளிகள் என்று தொழிலாளர்கள் சொல்லிக்கொள்ள முடிந்த அந்த முயற்சிக்குக் கெடா மண்தான் தொடக்கம் என்பதை இங்குள்ள இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த மாற்றத்தை எந்தக் கூட்டுறவாலும் தடுக்க முடியவில்லை. ரப்பரின் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். சுங்கைப்பட்டாணியைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் எழுந்தன, நில விலை ஏறியது, தோட்டங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளாயின. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. கோயிலைக் காப்பாற்ற மக்கள் போராடினார்கள், பல இடங்களில் புதிய இடத்தில் எழுப்பியும் கொண்டார்கள். தமிழ்ப்பள்ளியைப் பெயர்த்து நட்டார்கள். திடலுக்காக யாரும் மனு எழுதவில்லை. கெடாத் தோட்டத்தின் உள்ளுலகை எழுதிய சீ. முத்துசாமியின் கதைகளில் அந்த மண் இருக்கிறது. வெளியே இல்லை.

ஸ்குவாஷ் கதை முற்றிலும் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் உருவான ஆட்டம் அது. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், நான்கு சுவர், ஒரு சிறிய ரப்பர் பந்து. பிரிட்டிஷ் ராணுவ முகாம்களும் கனவான்களின் கிளப்புகளும் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தன. மழை பெய்தாலும் ஆடலாம், இடம் அதிகம் வேண்டாம். ஆனால் கதவு உண்டு. திடலுக்குக் கதவு கிடையாது. கால் இருந்தால் இறங்கிவிடலாம். ஸ்குவாஷ் ஆட உறுப்பினர் அட்டை, மட்டை, காலணி, பயிற்றுநர் எல்லாம் வேண்டும். அந்தப் பந்துக்கான ரப்பரைத் தந்த மரங்களை வெட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க இரண்டு தலைமுறை ஆயிற்று.

அதைத் திறந்தது அரசாங்கத்தின் பணமும் ஒரு பினாங்குப் பெண்ணின் வெற்றியும். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில்தான் ஸ்குவாஷ் முதன்முதலாக அந்த விழாவில் இடம்பெற்றது. அதே ஆண்டு பேங்காக் ஆசியப் போட்டியில் 15 வயது நிக்கோல் டேவிட் தங்கம் வென்றார். அப்புறம் நடந்தது உலகம் அறிந்தது: 2006 ஆகஸ்டு முதல் 2015 செப்டம்பர் வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகின் முதலிடம், எட்டு உலகப் பட்டங்கள். பினாங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். நிக்கோல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில்தான் வட மாநிலங்களின் பிள்ளைகள் மட்டை பிடித்தார்கள். கெடாவைச் சேர்ந்த ஐஃபா அஸ்மான், ஐரா அஸ்மான் சகோதரிகளும் அந்த அலையில் வந்தவர்களே.

சிவசங்கரி அந்த அலையின் முன்வரிசையில் இருந்தார். 2018 ஆகஸ்டு 26, ஜகார்த்தா. ஆசியப் போட்டியின் பெண்கள் தனிநபர் இறுதி ஆட்டம். ஒருபுறம் அன்றோடு 35 வயது நிறையும் நிக்கோல், மறுபுறம் 19 வயது சிவசங்கரி. எந்தச் சிறுமியைப் பார்த்து ஒரு தலைமுறை மட்டை எடுத்ததோ, அந்தப் பெண்ணையே எதிர்த்து ஆட வேண்டும். ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தார், தோற்றார், வெள்ளியோடு திரும்பினார். தோல்விதான், ஆனால் அடுத்தது யார் என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

தொழில்முறை ஸ்குவாஷில் மாதச் சம்பளம் கிடையாது. கெய்ரோ, லண்டன், நியூயார்க் என்று ஊர் ஊராகப் போய், ஜெயித்த சுற்றுக்கு ஏற்பப் பரிசுப் பணம் வாங்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் விமானக் கட்டணமும் மிஞ்சாது. ஆகவே இளம் ஆட்டக்காரர்களுக்குப் படிப்பு ஒரு காப்பு. சிவசங்கரி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படித்துக்கொண்டே கல்லூரி ஸ்குவாஷ் ஆடினார். விளையாட்டா படிப்பா என்று பிள்ளையை நெருக்கும் நம் வீடுகளில் இந்த ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

2022 ஜூனில் கோலாலம்பூரில் நடந்த கார் விபத்து எல்லாவற்றையும் முடித்துவிடும் போலிருந்தது. முகத்திலும் முதுகெலும்பிலும் காயம். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன, அது கைநழுவியது. திரும்பவும் களத்துக்கு வருவாரா என்பதே கேள்வியாயிற்று. ஸ்குவாஷ் நின்று ஆடும் ஆட்டமில்லை. குனிந்து, திரும்பி, பாய்ந்து, மறுபடி நடுவுக்கு வர வேண்டும். முதுகும் கழுத்தும் ஒவ்வொரு அடியிலும் வேலை செய்யும். வந்தார். 2023 அக்டோபர் 5 அன்று சீனாவின் ஹாங்சோவில் ஹாங்காங்கின் சான் சின் யுக்கை இறுதியில் வென்று ஆசியத் தங்கத்தைக் கழுத்தில் அணிந்தபோது, விபத்து நடந்து பதினைந்து மாதங்களே கடந்திருந்தன.

2024 வசந்தத்தில் லண்டன். அலெக்சாண்ட்ரா அரண்மனையின் கண்ணாடிக் களத்தில், எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை இறுதியில் ஐந்து ஆட்டங்களில் சாய்த்து லண்டன் கிளாசிக் பட்டத்தை வென்றார். பெண்கள் ஸ்குவாஷ் இன்று எகிப்தியரின் ஆட்சியில் இருக்கிறது. அந்தக் கோட்டையில் ஒரு கெடாப் பெண் உடைப்பு ஏற்படுத்தினார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்க ஓப்பன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகையை வழங்கிய பிறகு, பெரிய ஸ்குவாஷ் போட்டிகள் பல அந்த வழியில் வந்துவிட்டன. 50 காசும் 40 காசுமாகக் கூலி பிரிந்திருந்த நாட்டிலிருந்து போன பெண், ஆணுக்குச் சமமான பரிசுக்கு ஆடுகிறார்.

உலகின் வேறொரு மூலையில் இளம் ஆட்டக்காரர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று பார்த்தால் நம் குறை தெளிவாகும். பிரெஞ்சுக் கூடைப்பந்து வீரர் விக்டர் வெம்பன்யாமா 2004இல் பிறந்தவர். பாரிஸை ஒட்டிய நாந்தேர் என்ற புறநகரின் கிளப்பில் சிறுவனாகச் சேர்ந்து, 15 வயதிலேயே அதன் தொழில்முறைக் குழுவுக்கு ஆடினார். பிறகு லியோன் நகரை ஒட்டிய ஆஸ்வெல், பாரிஸை ஒட்டிய மெட்ரோபாலிடன்ஸ் குழுக்களுக்கு ஆடினார். 2023 ஜூனில் அமெரிக்காவின் சான் ஆண்டோனியோ ஸ்பர்ஸ் குழு அவரை அவ்வாண்டின் முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு வெள்ளி. அவருடைய உயரமும் திறமையும் பிறவி வரம். ஆனால் பத்து வயதில் கதவைத் தட்டியதும் திறக்க ஒரு புறநகர் கிளப் இருந்ததே, அது பிரெஞ்சுச் சமூகம் கட்டியது. 1901ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ் அந்நாட்டின் சிற்றூர்களிலும் விளையாட்டுச் சங்கங்கள் பதிவாகி, நகராட்சியின் அரங்கில் ஆடி, சிறு சந்தாவில் பிள்ளைகளைப் பழக்குகின்றன. பிள்ளை அங்கிருந்து படிப்படியாக ஏறுகிறது.

கெடாத் தோட்டத்தில் முதல் படி இருந்தது, மேல் படிகள் இல்லை. இன்றைய கெடா நகரப் பிள்ளைகளுக்கு மேல் படிகள் இருக்கின்றன. தேசிய விளையாட்டு மன்றம் உண்டு, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி உண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. முதல் படியைத்தான் காணோம். சிவசங்கரிக்கு அது கிடைத்தது. அவர் வயதில் அதே சுங்கைப்பட்டாணியின் அடுக்குமாடிகளில் வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தாத்தாவின் திடலும் இல்லை, நான்கு சுவரும் இல்லை.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. நிக்கோலுக்குக் கிட்டாத ஒலிம்பிக் களம் சிவசங்கரியின் தலைமுறைக்குத் திறந்திருக்கிறது. அப்போது அவருக்கு 29 வயதாகியிருக்கும்.

கெடாவின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நகராண்மைக் கழகத்தின் ஸ்குவாஷ் களங்களும் திடல்களும் உங்கள் ஊரில் எங்கே இருக்கின்றன, எந்த நேரங்களில் யாருமின்றிக் கிடக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை உங்கள் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். பெண் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். திருவிழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதி இருபது மட்டைகளுக்கும் ஒரு பயிற்றுநருக்கும் போதும். இந்த ஆண்டே அதை ஒதுக்குங்கள்.